விண்வெளிக் கதையும் ரசிகர் வலையொலியும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் என் அறையின் சன்னல்களை இறுக மூடி, கதவின் அடியில் துண்டைத் திணித்து, இரண்டு கட்டில்களுக்கு நடுவே கம்பளியைக் கூடாரம் போலக் கட்டி, அதனுள் நானும் என் நண்பர் இருவரும் வியர்வை வழிய அமர்ந்திருந்தோம். எங்கள் நடுவில் ஒரு கைப்பேசி. அவ்வழியே சென்ற தெலுங்கு நண்பர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்து, "ஏமைந்தி, ஜ்வரமா?" என்று கேட்டார். காய்ச்சல் ஒன்றுமில்லை, வலையொலி பதிகிறோம் என்றோம். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நம் சங்கத்தின் கூட்டமொன்றில் முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "வலையொலி என்பது யாது? யூட்யூபில் பேசுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதிலும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதால் யாருக்கு என்ன பயன்?" என்று மூன்று வினாக்களை ஒருசேர எழுப்பினார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே இக்கட்டுரை.

முதல் இரண்டு வினாக்களுக்கு விடை எளிது. வானொலி நிலையம் ஒரு குறித்த நேரத்தில் ஒலிபரப்பும். அந்நேரத்தில் பெட்டியருகே இருப்பவர் கேட்பர், மற்றவர் இழப்பர். வலையொலி அவ்வாறன்று. பேசிப் பதிந்த ஒலிக்கோப்பு இணையத்தில் ஏதோ ஒரு கணினியில் கிடக்கும். அதனோடு ஒரு சிறு பட்டியலும் இருக்கும். இன்ன தலைப்பு, இன்ன நாள், கோப்பு இருக்குமிடம் இன்னது என்று எழுதிய வெறும் எழுத்துக்கோப்பு அது. ஆர்.எஸ்.எஸ். ஓடை என்பது அதன் பெயர். கேட்க விரும்புபவர் தம் கைப்பேசியிலுள்ள செயலிக்கு அவ்வோடையின் முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். செயலி அவ்வப்போது சென்று பட்டியலைப் பார்க்கும். புதிய வரி சேர்ந்திருந்தால் அக்கோப்பை இறக்கி வைத்துவிடும். பால்காரர் விடியுமுன் வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யூட்யூபில் எவர் எதைப் பார்க்கவேண்டும் என்பதில் அந்நிறுவனத்துக்கு ஒரு கை உண்டு. ஓடைக்கு அத்தகைய முதலாளி இல்லை. பட்டியலை எவரும் எழுதலாம். எந்தச் செயலியும் படிக்கலாம்.

பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் முறையை 2000, 2001 ஆண்டுகளில் அமைத்தவர் டேவ் வைனர் என்னும் அமெரிக்கர். 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் இலண்டன் 'கார்டியன்' நாளிதழில் எழுதினார். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டியதால் பிறந்த சொல் அது. ஐபாட் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாம் 'வலையொலி' என்று வைத்துக்கொண்டது இந்த வகையில் நல்லதாயிற்று. எந்தக் கருவி போனாலும் நம் சொல் போகாது.

மூன்றாவது வினாதான் கடினம். அதற்கு விடை காண 1963ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் 23, சனிக்கிழமை மாலை, பிபிசி தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்கியது. முந்திய நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அச்செய்தியில் மூழ்கியிருந்தது. ஆகவே அடுத்த வாரம் முதற்பகுதியை மறுபடியும் ஒளிபரப்பிவிட்டே இரண்டாம் பகுதியைக் காட்டினர். கதை இதுதான்: வேற்றுலகத்தவர் ஒருவர், 'டாக்டர்' என்பது மட்டுமே அவர் பெயர், நீலநிறப் போலீஸ் பெட்டி போன்ற ஒரு காலப்பொறியில் ஏறி எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் செல்கிறார். பெட்டி வெளியே சிறியது, உள்ளே பெரியது. சாகும் நிலை வந்தால் அவர் வேறோர் உடலும் முகமும் பெறுவார். அதனால் நடிகர் மாறினாலும் தொடர் சாவதில்லை. தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட், 28 வயது நிரம்பாத பெண். முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இலக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு 24 வயது. நம்மில் பலருக்கு ஆய்வேட்டின் தலைப்பு கூட முடிவாகாத வயது அது!

இத்தொடரில் என்னைக் கவர்ந்தது அதன் ஒலி. பணம் குறைவு, கண்ணுக்குக் காட்டக்கூடியதும் குறைவு. அட்டையாலும் பூச்சாலும் செய்த வேற்றுலகங்களை மெய்யென நம்பவைக்கும் பொறுப்பு காதின்மேல் விழுந்தது. ரான் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை, பிபிசியின் ஒலிப் பட்டறையில் பணியாற்றிய டீலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி மின்னலைகளைப் பதிந்து, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். ஒவ்வொரு சுரமும் ஒரு நாடாத்துண்டு. காலப்பொறி கிளம்பும் ஓசையை பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர், பழைய பியானோ ஒன்றின் கம்பியை வீட்டுச் சாவியால் உரசி எடுத்தார். விண்வெளியின் பேரோசை ஒரு கதவுச் சாவியில் இருந்தது!

இனி நடந்ததைக் கேளுங்கள். அக்காலத்தில் ஒளிநாடாவின் விலை மிகுதி. ஒளிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து, அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவர். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த படச்சுருள் படிகளும் பிற்பாடு குப்பைக்குப் போயின. இப்படியாக, முதல் ஆறு பருவங்களின் 253 பகுதிகளில் ஏறத்தாழ நூற்றின் படம் பிபிசியிடமே இல்லாமற் போயிற்று. சில, எங்கோ கடல்கடந்த நாட்டின் நிலையத்துக் கிடங்கில் தூசியடைந்து கிடந்து மீண்டன. 2013இல் அறிவிக்கப்பட்ட ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து கிடைத்தவை.

ஆனால் படம் அழிந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. காத்தவர் யார்? பிபிசி அன்று. பிரிட்டனின் பல ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத சில இளைஞர், பள்ளிச் சிறுவரும் அவருள் அடக்கம், சனிக்கிழமைதோறும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சுழல்நாடாக் கருவியை வைத்துத் தொடரின் ஒலியைப் பதிந்தனர். சிலர் ஒலிவாங்கியைப் பெட்டியின் முன் பிடித்தனர். ஒருவர் பெட்டிக்குள்ளேயே கம்பியை இணைத்துப் பதிந்தார். மறுபடி கேட்கவேண்டும் என்னும் ஆசை ஒன்றே காரணம். வருங்காலத்துக்காகச் செய்கிறோம் என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை. பிற்காலத்தில் பிபிசி அந்நாடாக்களைப் பெற்று, விளக்கக் குரல் சேர்த்து வெளியிட்டது. 1966இல் ஒளிபரப்பாகிப் பின் அழிந்துபோன 'டாலெக்குகளின் ஆற்றல்' என்னும் ஆறு பகுதிக் கதையை 2016இல் அவ்வொலியின்மேல் சித்திரம் வரைந்து மீட்டனர். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது.

ரசிகர் என்றால் கைதட்டுபவர், கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுபவர் என்றே நாம் பழகிவிட்டோம். வைத்துக் காப்பவரும் ரசிகரே என்பதை அப்பிள்ளைகள் காட்டினர்.

ஒலியைக் காத்தவர்களுக்கு அடுத்து, ஒலியைப் படைத்தவர்கள் வந்தனர். 1984 முதல் 1991 வரை 'ஆடியோ விஷுவல்ஸ்' என்ற பெயரில் சில ரசிகர் தாமே புதிய டாக்டர் ஹூ கதைகளை எழுதி, நடித்து, ஒலிநாடாவில் பதிந்து, தம்மைப் போன்றவர்களுக்கு அனுப்பினர். அதில் டாக்டராக நீண்டகாலம் குரல் கொடுத்தவர் நிக்கலஸ் பிரிக்ஸ். 1989இல் பிபிசி தொடரை நிறுத்திவிட்டது. 1999இல் 'பிக் ஃபினிஷ்' என்னும் நிறுவனம் பிபிசியின் முறையான உரிமத்துடன், பழைய நடிகர்களையே வைத்து ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியபோது, அதை நடத்தியவர்களுள் பலர் அந்த நாடாக்குழுவினரே. 2005இல் தொடர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது, டாலெக் என்னும் கொடிய இயந்திரவுயிர்களுக்குக் குரல் கொடுக்க அழைக்கப்பட்டவர் அதே பிரிக்ஸ்.

அந்த 2005ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 26 அன்று டாக்டர் ஹூ திரும்பியது. ஜூன் மாதத்தில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் செயலியில் வலையொலிகளைச் சேர்த்தது. பதினாறு ஆண்டு காத்திருந்தவர்களிடம் பேச நிறைய இருந்தது. பேசுவதற்கான வழி அதே கோடையில் திறந்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் 'டாக்டர் ஹூ: பாட்ஷாக்' தொடங்கியது. மறு ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரத்து நண்பர் மூவர் 'ரேடியோ ஃப்ரீ ஸ்காரோ' தொடங்கினர். ஸ்காரோ என்பது டாலெக்குகளின் கோள். கொடுங்கோலர் ஆளும் கோளில் ஒரு சுதந்திர வானொலி இருந்தால் எப்படி இருக்கும் என்பது பெயரிலுள்ள வேடிக்கை. அதே காலத்தில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் மற்றொரு தொடரைப் படைத்த ரொனால்ட் மூர், தாமே அதன் பகுதிகளுக்கு வலையொலியில் உரை சொன்னார். அதுவும் சுவையானதே, ஆனால் அது சமையற்காரர் பரிமாறுவது. ரசிகர் வலையொலி உண்டவர் பேசுவது.

இவற்றில் நான் விடாது கேட்பது 'வெரிட்டி!'. 2012இல் ஆறு பெண்கள் தொடங்கியது. அவர்கள் ஒரே ஊரினர் அல்லர். அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா என்று சிதறியிருந்தவர்கள். முதல் தயாரிப்பாளர் பெயரையே தம் வலையொலிக்கு இட்டனர். அதுவரை இத்தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆடவர் பேச்சாகவே இருந்தது. எந்தப் பகுதி எந்நாளில் வந்தது, எத்தனை நிமிடம் என்ற மனப்பாடப் போட்டியாகவும் அது பலவேளை முடியும். இவர்கள் வேறு வினாக்களைக் கேட்டனர். டாக்டருடன் பயணம் செய்யும் பெண் ஏன் எப்போதும் அலறவேண்டும்? அவளை ஒரு கோளில் விட்டுவிட்டுப் போனபின் அவள் கதி என்ன? ஒருவர் மிக விரும்பிய கதையை மற்றவர் அடியோடு மறுப்பார். நட்பு குலையாமல் ஒரு மணி நேரம் வழக்காடுவர். உலக அறிவியல் புனைகதை மாநாடு வழங்கும் ஹியூகோ விருதுகளில் 2012 முதல் ரசிகர் வலையொலிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அதன் இறுதிப் பட்டியலில் 2014இல் 'வெரிட்டி!' இடம்பெற்றது. கோட்டிக்குச் செல்லும் பேருந்தில் நெரிசலில் தொங்கிக்கொண்டு அவர்கள் சண்டையைக் கேட்டால் மெஹதிப்பட்டினம் வந்ததே தெரியாது.

குறைகளும் இல்லாமலில்லை. பல வலையொலிகள் அளவற்ற நீளம். தமக்குள்ளே சிரித்துக்கொள்வதும் மிகுதி. வெளியார்க்குத் திருமண வீட்டில் தெரியாத உறவினரிடையே அகப்பட்டது போலிருக்கும். சில தொடங்கி ஏழெட்டு வாரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்வதில் இழிவில்லை. கூலியின்றிச் செய்வது ஓயத்தான் செய்யும்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். காதால் படம் பார்ப்பது தமிழனுக்குப் புதிதன்று. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே ஒரு தலைமுறை முழுப் படங்களையும் 'பார்த்தது'. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தைக் கேட்டு, படம் பாராமலே தருமி பேச்சை ஒப்பித்தவர் எத்தனை பேர்! இலங்கை வானொலிக்குக் கடிதம் எழுதித் தம் பெயர் சொல்லப்படுவதற்காகக் காத்திருந்தவர் நம் வீடுகளிலேயே உண்டு. அறிவியல் புனைகதைக்கும் நாம் அயலார் அல்லர். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நிலா என்னும் பெண்ணும், ஜீனோ என்னும் இயந்திர நாயும், ஜீவாவின் ஆட்சியும் அக்காலத்துப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை.

எங்கள் கம்பளிக் கூடாரத்துக்குள் பேசியது அதைப் பற்றித்தான். என் நண்பர் ஒருவர் தூத்துக்குடிக்காரர். மற்றவர் செகந்திராபாத். 1806இல் அமைந்த அப்பாளையத்துக்குச் சென்னைப் படையினருடன் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும். தமிழில் கோபிப்பார், கேலி செய்வார், பாட்டியுடன் மணிக்கணக்காகப் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. நாம் ஆண்டுதோறும் அரும்பாடுபட்டு அச்சிடும் இம்மலர் அவர் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கத்தையும் அவரால் படிக்க இயலாது. சுஜாதாவை அவர் அறிந்தது, விடுதி மாடியில் தூத்துக்குடி நண்பர் இரவுதோறும் வாசித்துக் காட்டியதால்தான். இந்நகரில் அவரைப் போன்றவர் ஒருவர் இருவர் அல்லர். "உங்கள் சங்கத்தில் எனக்கு வேலை நாற்காலி எடுத்துப் போடுவது மட்டும்தானா?" என்று அவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார். அச்சிரிப்பு என்னை உறுத்தியது. வலையொலி எண்ணம் அன்று பிறந்ததே.

முதற்பதிவு பெருந்தோல்வி. நாற்பது நிமிடப் பேச்சைத் திரும்பக் கேட்டபோது நானும் தூத்துக்குடிக்காரரும் வெட்கினோம். தமிழ்வழிப் படித்த நாங்கள் இருவரும், ஒலிவாங்கியைக் கண்டதும் பாதி ஆங்கிலத்தில் பேசியிருந்தோம். இடையிடையே மேடைத் தமிழில் முழங்கியும் இருந்தோம். இயல்பாகத் தமிழ் பேசியவர் செகந்திராபாத் நண்பர் ஒருவரே. சொல் இல்லாமலா? இல்லை. காலப்பொறி, விண்கலம், இயந்திர நாய் என்று சொல்வதில் என்ன இடர்? கற்பனைக் கதையைப் பற்றி ஆழ்ந்து பேசுவதென்றால் ஆங்கிலம், பெருமை பேசுவதென்றால் செந்தமிழ் என்று எங்கள் நாக்கு பழகிக் கிடந்தது; அவ்வளவே. மூன்றாம் முறை பதிந்தபோதுதான் ஏதோ பேச்சுப் போல் வந்தது.

அதில் மிகச் சிறந்த ஆறு நிமிடம் எங்களுடையது அன்று. என் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, பதிவதைச் சொல்லிவிட்டு, அத்தொடரைப் பற்றிக் கேட்டேன். "ஏன்டா, பரீட்சைக்குப் படிக்காம இதையா கேக்குற?" என்று தொடங்கினார். தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீடு, அங்கே வாசற்படியில் உட்கார இடம்பிடித்தது, மின்சாரம் போனதும் பிள்ளைகள் ஒருசேரக் கத்தியது, மறுநாள் பள்ளியில் ஜீனோவைப் போலப் பேசி அடி வாங்கியது என்று ஒவ்வொன்றாக வந்தது. கதை பாதி மறந்துபோயிருந்தது. ஆனால் நாய் பேசிய விதத்தை அப்படியே செய்து காட்டினார். ஐம்பது வயதை நெருங்கும் என் அம்மா நாய்க்குரலில் பேசியதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இத்தகைய நினைவு எந்த நிலையத்துக் கிடங்கிலும் இராது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி எவ்வளவோ கிடக்கிறது. கேட்டுப் பதிந்தால் உண்டு.

பதிய விரும்புவோர்க்குச் சில சொற்கள். கருவிக்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிக. தொடக்கத்தில் ஒருமுறை ஓங்கிக் கைதட்டினால் பிறகு பதிவுகளைப் பொருத்துவது எளிது. வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. நம் பல்கலைக்கழகத்தின் 'போல் ஹைதராபாத்' 90.4 சமுதாய வானொலி இருக்கையில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். சமுதாய வானொலியின் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் இந்நாட்டில் அதற்கு வழிகாட்டியது. 2008இல் இங்கே ஜகீராபாத் அருகே மாச்சனூரில் உழவுத் தொழில் செய்யும் தலித் பெண்கள் 'சங்கம் ரேடியோ' நிறுவினர். ஆனால் அதற்கு அரசின் உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும், எல்லையும் சில கிலோமீட்டரே. ஓடைக்கு இவை எவையும் வேண்டா. தூத்துக்குடியிலும் கேட்கும், டொரான்டோவிலும் கேட்கும்.

பதிப்புரிமை பற்றி ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திறனாய்வுக்காக ஒரு படைப்பை நேர்மையான அளவில் கையாள இடந்தருகிறது. அதற்காகத் தொடரின் முகப்பிசையை வாரந்தோறும் முழுதாக ஒலிக்கவிடுவது திறனாய்வு ஆகாது. எங்களுக்கு முகப்பிசை வேண்டியிருந்தது. செகந்திராபாத் நண்பர் அறைச் சாவியை எடுத்து எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் உரசினார். அதை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் எதிரொலி சேர்த்தோம். பியானோக் கம்பியை உரசியவரைப் பற்றி நான் அவருக்குச் சொன்னது பிறகுதான்.

பதிவில் ஓரிடத்தில் மயில் அகவுகிறது. சன்னலை எவ்வளவு மூடினும் நம் வளாகத்து மயிலை யாரால் தடுக்கமுடியும்? தூத்துக்குடி நண்பர் அதை வெட்டிவிடலாம் என்றார். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் தடுத்து நிறுத்துவதற்குமுன், காஞ்ச கச்சிபௌலியில் இரவும் பகலும் பொறிகள் மரங்களைச் சாய்த்த அந்நாட்களில் மயில்கள் கதறியதை நாங்கள் கேட்டிருக்கிறோம். நான் வெட்ட ஒப்பவில்லை. அது அப்படியே இருக்கிறது, 23ஆம் நிமிடத்தில்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் செகந்திராபாத் நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். அவரைப் பற்றி எழுத இசைவு தந்தார். பாதிக்குமேல் புரியவில்லை, 'ஆயினும்', 'அன்று' எல்லாம் எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டார். அடுத்த ஞாயிறு இதையே வலையொலியில் தாம் சொல்லப் போவதாகவும், நான் குறுக்கே பேசக்கூடாது என்றும் கூறியிருக்கிறார்.